முடி இருக்கு... முதல் எங்கே?

வெளியூர்ல குடும்பம் நடத்துறவங்களுக்கு, வந்த ஊர் நம்ம ஊரா மாறிடுச்சுன்னு எப்போ தெரியும்? என் கணக்குல, தலைமுடியை நம்பிக் கொடுக்க ஒரு கை கிடைச்ச அன்னிக்கு. மளிகைக் கடையை மாத்தலாம், பால்காரரை மாத்தலாம். முடி வெட்டுற ஆளை மாத்த மட்டும் மனசு வராது. துபாய், டொராண்டோ, சிட்னின்னு எங்கே இருந்தாலும் நம்ம பெண்கள் இதை ஒத்துக்குவீங்க :-)

நான் இருக்கிறது பெங்களூரு ஆஸ்டின் டவுன்ல. சொந்த ஊர் பாளையங்கோட்டை. பி.காம் முடிச்சு, வங்கிப் பரீட்சை எழுதி, மாற்றல் மேல மாற்றலா வாங்கி நாப்பது வயசுக்கு மேல இங்க வந்து நின்னாச்சு. கன்னட அகராதி தந்த ஜெர்மன் பாதிரியார் கிட்டல் பேரை இந்தப் பகுதிக்கு வச்சிருக்காங்க. ஆனா ஆட்டோவுல ஏறி கிட்டல் நகர்னு சொன்னா டிரைவர் நம்மளைத் திரும்பிப் பார்ப்பார். ஆஸ்டின் டவுன்னாத்தான் வண்டி கிளம்பும். அந்தப் பக்கம் நீலசந்திரா, இந்தப் பக்கம் விவேக் நகர். வியாழக்கிழமையானா குழந்தை ஏசு கோவிலுக்குக் கூட்டம். சாயங்காலமானா கால்பந்து. தெருவுல தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலும் ஒரே வாக்கியத்துல வரும்.

இங்க தெருவுக்கு ரெண்டு பார்லர் இருக்கு. பெரும்பாலும் ஒரே அறை, கதவுக்குத் திரை, உள்ளே ரெண்டு நாற்காலி, ஒரு பேசின். நடத்துறது எல்லாம் பெண்கள். பலர் கல்யாணமாகி இங்க வந்தவங்க, ஆறு மாச கோர்ஸ் படிச்சவங்க, வேற பார்லர்ல கூலிக்கு நின்னு தொழில் கத்தவங்க.

வங்கிக்காரி புத்தி எங்கே போகும்? இவங்களுக்கெல்லாம் முதல் எங்கேர்ந்து வந்துச்சுங்கிற கேள்வி ரொம்ப நாளா எனக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு. அதைத்தான் இன்னிக்கு எழுதப்போறேன். கொஞ்சம் நீளமாப் போகும், காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பார்லர் அக்கா இருக்காங்க. பேர் வேண்டாம். 14 வருஷமா தொழில், மூணு நாற்காலி, உதவிக்கு ரெண்டு பொண்ணுங்க. பக்கத்துக் கடை காலியாச்சு. சுவரை இடிச்சு ரெண்டையும் சேர்த்தா கல்யாணப் பொண்ணு அலங்காரத்துக்குத் தனி அறை போடலாம்னு அவங்க ஆசை. ஆஸ்டின் டவுன்ல கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாண சீசன் மூணும் சேர்ந்தா நாற்காலி காலியாவே இருக்காது. 4 லட்சம் தேவை. ஒரு வங்கிக்குப் போனாங்க (என் வங்கி இல்லை, எதுன்னும் கேட்காதீங்க). அங்க கேட்ட முதல் கேள்வி: "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்? அவரோட சம்பளச் சீட்டு இருக்கா?"

அக்கா என்கிட்ட வந்து கேட்டாங்க. "மேடம், 14 வருஷமா கடை வாடகையை நான் கட்டுறேன். பிள்ளை ஃபீஸ் நான் கட்டுறேன். அவருக்கு வேலை இருந்த மாசமும் உண்டு, இல்லாத மாசமும் உண்டு. கடன் மட்டும் எப்படி மேடம் அவரை நம்பிக் கொடுப்பாங்க?"

நியாயமான கேள்விதானே!

சரி, மேஜைக்கு இந்தப் பக்கம் உக்கார்ந்திருக்கிறவ எப்படி யோசிப்பாங்கிறதையும் சொல்லணும். பார்லர் வருமானம் ரொக்கம். கடை வாடகைக் கடை. வருமான வரிக் கணக்கு கிடையாது. நாற்காலி, பேசின், ஸ்டீமர் எல்லாம் வாங்கின மறுநாளே பாதி விலை. கடன் வாங்கினவங்க கடையை மூடிட்டா வங்கி எதைப் பிடிக்கும்? அதனால கண்ணு தானா சம்பளச் சீட்டு இருக்கிற ஆம்பளை பக்கம் போகும். அதோட ஒரு பழைய இளக்காரமும் உண்டு. 'பார்லர்தானே'ங்கிற நினைப்பு. மெடிக்கல் ஷாப் கடனுக்கும் ஹார்ட்வேர் கடைக் கடனுக்கும் அந்தச் சிரிப்பு வராது. முடி சம்பந்தப்பட்ட தொழிலை ஒரு சாதிக்குன்னு ஒதுக்கி வச்சுக் கீழே பார்த்த ஊர்தானே நம்ம ஊர். ஏசி போட்ட அறையில உக்கார்ந்தாலும் அந்தப் பார்வை முழுசாப் போகலை.

ஆனா விதி என்ன சொல்லுது? குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரைக்கும் கடன் கொடுத்தா ஈடு கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2010லயே சொல்லிடுச்சு. கடன் திரும்பாமப் போனா வங்கியோட நஷ்டத்துல பெரும் பகுதியை ஏத்துக்க சிஜிடிஎம்எஸ்இ-ங்கிற உத்தரவாத நிதி 2000லேர்ந்து இருக்கு. கடன் வாங்குறது பெண்ணா இருந்தா உத்தரவாத விகிதம் இன்னும் கூடுதல். 2015 ஏப்ரல்ல முத்ரா வந்துச்சு. சிசு 50 ஆயிரம் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. பத்து வருஷம் முடிஞ்சப்போ, 2025ல அரசு சொன்ன கணக்குப்படி 52 கோடிக்கு மேல கடன், தொகை 32 லட்சம் கோடிக்கு மேல, கணக்குகள்ல 68 சதவீதம் பெண்கள் பேர்ல.

ஆஹான்னு தோணுதுல்ல? கொஞ்சம் பொறுங்க. 32 லட்சம் கோடியை 52 கோடியால வகுத்துப் பாருங்க. ஒரு கடனுக்கு சராசரி 60 ஆயிரத்துச் சொச்சம். ஒரு நல்ல நாற்காலியும் ஷாம்பூ பேசினும் வாங்கி வாடகை அட்வான்ஸ் கொடுத்தா முடிஞ்சு போற பணம். தொழில் தொடங்கலாம், பெருசாக்க முடியாது. தொழில் பதிவுக்கான உத்யம் தளத்துக் கணக்கும் இதையேதான் சொல்லுது. பதிவான தொழில்கள்ல பெண்களோடது ஐந்துல ஒரு பங்கு. மொத்த முதலீட்டுல அவங்க பங்கு பத்துல ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

கர்நாடகத்துல மாநில மகளிர் வளர்ச்சிக் கழகத்தோட 'உத்யோகினி' திட்டம் இருக்கு. 3 லட்சம் வரை கடன், அதுல மானியம். பார்லரும் அந்தப் பட்டியல்ல உண்டு. ஆனா குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு இருக்கு, ஓரளவு ஓடுற பார்லர் அதைத் தாண்டிடும். 2016ல வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா 10 லட்சத்துலேர்ந்து 1 கோடி வரைன்னு சொன்னுச்சு. ஆனா அது புதுசாத் தொடங்குற தொழிலுக்குத்தான். 14 வருஷம் நடத்தினவங்களுக்கு அனுபவமே தடையாப் போச்சு!

இன்னொரு கதை. 2013 நவம்பர்ல பாரதிய மகிளா வங்கின்னு பெண்களுக்காக ஒரு அரசு வங்கி திறந்தாங்க. அதுல பார்லருக்குன்னே ஒரு கடன் திட்டம், பேரு 'சிருங்கார்'. முடி அலங்காரமும் ஒரு தொழில்தான்னு ஒரு வங்கி பேர் வச்சுச் சொன்னதுல எனக்கு அப்போ ஒரு சின்ன சந்தோஷம். 2017 ஏப்ரல்ல அந்த வங்கி ஸ்டேட் வங்கியோட சேர்ந்துடுச்சு.

இப்போ கொஞ்சம் ஊர் தாண்டிப் போவோம். முடித் தொழில்ல உலகம் முழுக்கப் பணம் இருக்கு. அந்தப் பணத்தோட ஒரு நுனி நம்மகிட்ட இருக்கு. திருப்பதியிலும் பழனியிலும் சமயபுரத்திலும் நாம இறக்குற முடி ஏலத்துக்குப் போகுது. வேரும் நுனியும் மாறாம ஒரே திசையில அடுக்கின முடிக்கு 'ரெமி'ன்னு பேரு, விலை அதிகம். சீப்புல சுத்தி எடுத்துப் போடுற முடியையும் வீடு வீடா வாங்கிட்டுப் போறாங்களே, அது சிக்கெடுத்துத் தரம் பிரிக்கிற பட்டறைகளுக்குப் போகுது. நம்ம கர்நாடகத்துலயே கொப்பள் பக்கம் பாக்யநகர்ல இந்தத் தொழில் பெருசு. சிக்கெடுக்கிற கை பெரும்பாலும் பெண்களோடது. பதப்படுத்தாத முடி வெளிநாட்டுக்கு அப்படியே போறதைத் தடுக்க 2022 ஜனவரியில அரசு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு.

அந்த முடியை அங்க வாங்கி வச்சுக்கிறவங்கள்ல பெரும் பகுதி அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிற கறுப்பினப் பெண்கள். விக், சவுரி, பின்னல்னு அவங்க செலவழிக்கிறது பெரிய சந்தை. ஆனா அமெரிக்காவுல அந்தப் பொருளை விக்கிற கடைகள் பலதும் கொரியர்களோடது. 1960கள்ல தென் கொரியாவுக்கு விக் முக்கியமான ஏற்றுமதி. அந்தத் தொடர்பு புலம்பெயர்ந்த கொரியர்களுக்குக் கைகொடுத்துச்சு. இன்னொண்ணும் கைகொடுத்துச்சு: 'கே'. என்னன்னு கேட்கிறீங்களா? நம்ம சீட்டுதான்! பத்து இருபது பேர் மாசாமாசம் போட்டு, முறை வச்சு எடுத்துக்கிறது. வங்கி கொடுக்காத முதலை அவங்களுக்குள்ளேயே திரட்டிக்கிட்டாங்க.

கறுப்பினப் பெண்களுக்கும் இதே வழக்கம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் 'சூசூ'ன்னு பேரு, தென்னாப்பிரிக்காவுல 'ஸ்டாக்வெல்'. முடித் தொழில்ல அவங்க சரித்திரமும் சின்னது இல்லை. மேடம் சி.ஜே. வாக்கர் 1867ல லூசியானாவுல பிறந்தவங்க. பல வருஷம் துணி துவைச்சுப் பிழைச்சவங்க. ஆனி மலோன்ங்கிற இன்னொரு கறுப்பின முதலாளியம்மாவோட முடித் தைலத்தை வித்துத் தொழில் பழகி, 1906 வாக்குல சொந்தச் சரக்கு போட்டாங்க. 1919ல அவங்க சாகும்போது இண்டியானாபொலிஸ்ல தொழிற்சாலை, நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பெண் முகவர்கள்.

அதே காலத்துல ரிச்மண்ட்ல (நம்ம ரிச்மண்ட் டவுன் இல்லைங்க, வர்ஜீனியா ரிச்மண்ட்!) மேகி லீனா வாக்கர்னு ஒருத்தர். இவங்க அம்மாவும் சலவைத் தொழில் பண்ணினவங்கதான். மேகி 1903ல 'செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி'யைத் தொடங்கினாங்க. அமெரிக்காவுல வங்கி தொடங்கித் தலைவரான முதல் கறுப்பினப் பெண். பேரைப் பாருங்க, பென்னி சேமிப்பு. காசு காசாப் போட்டதைத் தங்களுக்குள்ள கடனாக் கொடுத்துக்கிட்டாங்க. வங்கிக்காரியா எனக்கு சி.ஜே. வாக்கரை விட இவங்க மேலதான் பிரியம் அதிகம்.

ஆனா சேர்த்து வச்ச காசுக்கு ஒரு எல்லை இருக்கு. தொழில் பெருசாக வெளிப்பணம் வேணும். அமெரிக்காவுலயே சில மாநிலங்கள்ல ஒரு பெண் தொழில் கடன் வாங்கணும்னா ஆம்பளைச் சொந்தக்காரர் கூடக் கையெழுத்துப் போடணும்ங்கிற நிலை 1988 வரை இருந்துச்சு. அந்த வருஷம் வந்த பெண்கள் தொழில் உரிமைச் சட்டம்தான் அதை முடிச்சு வச்சுது. அக்காகிட்ட சம்பளச் சீட்டு கேட்ட கதை எவ்வளவு தூரம் போகுது பார்த்தீங்களா?

இன்னிக்கும் அங்க துணிகர முதலீட்டுல கறுப்பினப் பெண்கள் நிறுவனங்களுக்குப் போறது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விதிவிலக்கு உண்டு. சிகாகோ பக்கம் நர்ஸா இருந்த மோனிக் ரொட்ரிகஸ் 2014ல தொடங்கின 'மியெல்' முடி எண்ணெய் நிறுவனத்தை 2023ல பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்குச்சு. அதே 2023ல இன்னொண்ணு நடந்துச்சு. அட்லாண்டாவுல 'ஃபியர்லெஸ் ஃபண்ட்'னு ஒரு முதலீட்டு நிதி, கறுப்பினப் பெண்கள் நடத்துறது. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் நன்கொடை கொடுத்துக்கிட்டிருந்தாங்க. இது இனப் பாகுபாடுன்னு ஒரு அமைப்பு வழக்குப் போட்டுச்சு. வழக்குக்கு எடுத்த ஆயுதம் 1866ஆம் வருஷத்து குடிமை உரிமைகள் சட்டம், அதாவது அடிமைத்தனத்துலேர்ந்து விடுபட்டவங்களைக் காப்பாத்தப் போட்ட சட்டம். 2024 ஜூன்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நன்கொடைக்கு எதிராச் சொன்னுச்சு. செப்டம்பர்ல சமரசமாகி அந்தத் திட்டத்தையே மூடிட்டாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு சாப்பாடு இறங்கலை.

இத்தனையும் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். தனித் திட்டம் வரும், போகும். சிருங்கார் வந்துச்சு, வங்கியே இன்னொண்ணுல கலந்துடுச்சு. அட்லாண்டா நன்கொடை வந்துச்சு, கோர்ட்டுல நின்னுச்சு. நிலைச்சு நிக்கிறது ரெண்டு: பெண்கள் தங்களுக்குள்ள சேர்த்த காசு, அவங்க பேர்ல எழுதி வச்ச கணக்கு. முதலாவது நம்மகிட்ட தாராளமா இருக்கு. ரெண்டாவதுதான் இல்லை.

அக்காவோட 14 வருஷமும் சீட்டுலதான் ஓடுச்சு. ஆனா சீட்டுக்கும் விலை உண்டு. 20 பேர், மாசம் 5,000, ஒரு லட்சம் சீட்டுன்னு வச்சுக்குங்க. அவசரத்துக்கு மூணாவது மாசமே எடுத்தா 25,000 தள்ளி, 75,000தான் கைக்கு வரும். தள்ளினதுல பங்கு திரும்பி வந்தாலும், சீக்கிரம் எடுக்கிறவங்களுக்கு வட்டி கடுமைதான். சீட்டு கிடைக்காத மாசம் மைக்ரோ கடன், அதுவும் இல்லைன்னா மீட்டர் வட்டி. வசூல்காரங்க தொல்லை தாங்காமத்தான் 2025 பிப்ரவரியில கர்நாடக அரசு அவசரச் சட்டமே போட வேண்டி வந்துச்சு.

அப்போ கணக்கு எழுதலாமேன்னா, அதுலயும் ஒரு சிக்கல். 2025 ஜூலையில பெங்களூருல சின்னக் கடைக்காரங்களுக்கு யூபிஐ வரவை வச்சு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஊர் முழுக்கக் கியூஆர் அட்டையைக் கழட்டிட்டு 'ரொக்கம் மட்டும்'னு எழுதி ஒட்டினாங்க. அக்காவும் கழட்டிட்டாங்க.

நான் ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க கடையில உக்கார்ந்து தாள்ல போட்டுக் காட்டினேன். ஒரு நாளைக்கு சராசரி 3,500. மாசம் 26 நாள்னா 91,000. வாடகை 20,000, ரெண்டு பொண்ணுங்க சம்பளம் 30,000, கிரீம், ஷாம்பூ, டை 10,000, கரண்ட், தண்ணி, சில்லறைச் செலவு 5,000. மிச்சம் 26,000. வருஷ வரவு 11 லட்சத்துக்குள்ள. சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு 20 லட்சத்துக்கு மேலதான். "அக்கா, நீங்க பயப்படுற கோடு இன்னும் ஒன்பது லட்சம் தள்ளி இருக்கு. அந்த அட்டையைக் கழட்டினதுல வரி மிச்சமாகலை. உங்க சாட்சிதான் போச்சு."

அக்கா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "26,000 எனக்கு மிஞ்சுதா மேடம்? நான் இதுவரைக்கும் இப்படிப் பிரிச்சுப் பார்த்ததே இல்லை"ன்னாங்க. எனக்கு அதுதான் வலிச்சது. 14 வருஷம் லாபத்துல நடத்தியிருக்காங்க, அது லாபம்னு அவங்களுக்கே யாரும் சொல்லலை.

மறுபடியும் கியூஆர் ஏறுச்சு. ரொக்கம் வந்தா அதையும் வாரம் ரெண்டு தடவை அவங்க பேர்ல இருக்கிற கணக்குல கட்டினாங்க. உத்யம் பதிவு இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம், அதுவும் முடிஞ்சுது. ஒரு நோட்டுல தினம் நாலு வரி. பத்து மாசம் கழிச்சு ஸ்டேட்மெண்ட்டும் நோட்டும் எடுத்துக்கிட்டு இன்னொரு வங்கிக்குப் போனாங்க. கேட்டது 4 லட்சம். கிடைச்சது முத்ரா கிஷோர்ல 2.5 லட்சம். நாற்காலி, பேசின், இன்வெர்ட்டருக்கு மட்டும். வாடகை அட்வான்ஸ் 1.5 லட்சத்துக்குக் கடன் இல்லைன்னுட்டாங்க. அதைச் சீட்டு எடுத்துத்தான் கட்டினாங்க. மாசத் தவணை 5,600 சொச்சம். 26,000 மிஞ்சுற இடத்துல தாங்கும்.

கையெழுத்து அவங்களோடது மட்டும். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டை யாரும் கேட்கலை.

கதை சுபம்னு சொல்ல மாட்டேன். பக்கத்துக் கடைக்காரர் பத்து மாசம் காத்திருக்கலை, வேற ஆளுக்கு விட்டுட்டார். அக்காவுக்குக் கிடைச்சது ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன இடம். பழைய கஸ்டமர்ல சிலர் அவ்வளவு தூரம் வர மாட்டாங்கன்னு கவலை இருக்கு. முதல் நாளே ஒரு அதிகாரி இந்த ரெண்டு தாளைப் போட்டுப் பார்த்திருந்தா அந்தப் பத்து மாசம் மிச்சம். 10 லட்சம் வரை ஈடு வேண்டாம்னு விதி எழுதினவங்க, வருமானத்தை எப்படிக் கேட்டு வாங்கிப் பார்க்கணும்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். என் கூட வேலை பாக்கிற புதுப் பசங்களுக்கு நான் இப்போ இதைத்தான் சொல்றேன்: பார்லர் கடன் வந்தா முதல்ல அப்பாயிண்ட்மெண்ட் நோட்டைக் கேளு, வீட்டுக்காரரை அப்புறம் பார்க்கலாம்.

வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற நம்ம குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுலேர்ந்தே மெஹந்தி போடுறது, புருவம் திருத்துறது, முடி எண்ணெய் காய்ச்சி விக்கிறதுன்னு எத்தனையோ பெண்கள் பண்றீங்க. பணம் பெரும்பாலும் வீட்டுக்காரர் கணக்குக்குத்தான் போகுது, 'எல்லாம் ஒண்ணுதானே'ன்னு. குடும்பத்துக்கு ஒண்ணுதான். வங்கிக்கு ஒண்ணு இல்லை. நாளைக்கு நீங்க ஒரு நாற்காலி போட நினைச்சா, பத்து வருஷ உழைப்பு இன்னொருத்தர் பேர்ல இருக்கும்.

இந்த மாச வரவை மட்டுமாவது உங்க பேர்ல கட்டிப் பாருங்க. எவ்வளவு வந்துச்சுன்னு தெரிஞ்சப்போ உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க.

பி.கு: பார்லர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18லேர்ந்து 5 சதவீதமாயிடுச்சு. பதிவு வச்சிருக்கிற பார்லர்ல பில்லைப் பார்த்து வாங்குங்க. பதிவே இல்லாத சின்னப் பார்லர்ல ஜிஎஸ்டி போடவே கூடாது. மிச்சமாகுற காசை அந்தப் பொண்ணுங்களுக்கு டிப்ஸாக் கொடுத்துட்டு வாங்க :-)